காம்பவுண்டைத் தாண்டினால் அவுட்

சதுரமான சின்னப் பேட்டரியின் இரண்டு குமிழ்களையும் நாக்கின் நுனியில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? சுரீரென்று ஒரு புளிப்பு ஏறும். மாங்காய்ப் புளிப்பும் இல்லை, எலுமிச்சைப் புளிப்பும் இல்லை, துருப்பிடித்த ஜன்னல் கம்பியை நக்கினதுபோல் ஒரு புளிப்பு. எங்கள் வீட்டில் அந்தப் பேட்டரிக்குச் "சதுரக் கட்டை" என்று பெயர். சுரீரென்றால் கட்டையில் உயிர் இருக்கிறது, லேசாகக் கூசினால் இன்றைக்கோ நாளைக்கோ என்று இழுத்துக்கொண்டிருக்கிறது, ஒன்றுமே தெரியாவிட்டால் செத்துப்போயிற்று. நாக்கில் வைத்துப் பார்த்துச் சொல்வது என் வேலை. அக்காவுக்கு அந்த மாதிரி அதிர்ச்சியெல்லாம் ஆகாது என்று அம்மா சொல்லியிருந்தாள்.

அப்போது நாங்கள் மந்தைவெளியில் ஒரு வீட்டின் பின்பக்கப் போர்ஷனில் குடியிருந்தோம். அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து தியாகராய நகரில் ஒரு பாத்திரக்கடையில் வேலை பார்த்தார், காலையில் போனால் நாங்கள் தூங்கின பிறகுதான் வருவார். அக்கா செல்வி என்னைவிட மூன்று வயது பெரியவள். படிப்பில் சுமார், கோபத்தில் முதல் மாணவி. கிரிக்கெட் மட்டையைக் கையில் கொடுத்தால், அடேயப்பா, அவளை அடக்க அந்தத் தெருவில் ஆள் கிடையாது. மற்ற பெண் பிள்ளைகளைப் பந்து பொறுக்க மட்டும் சேர்த்துக்கொள்ளும் பையன்கள், அக்கா வந்து நின்றால் பேசாமல் மட்டையை நீட்டுவார்கள்.

அவளுடைய அடியில் ஒரே ஒரு கோளாறு. எதிரே ஒரு மாமியின் வீடு, பெரிய காம்பவுண்டு, உள்ளே தென்னையும் பவழமல்லியும். அக்கா ஓங்கி அடித்தால் பந்து நேரே அங்கேதான் போகும். ஒருநாள் ஜன்னல் கண்ணாடியும் போயிற்று. மாமி வாசலுக்கு வந்து, "எங்காத்துக்குள்ள இனிமே பந்து விழுந்துதுன்னா விழுந்ததுதான், திரும்ப வராது, சொல்லிட்டேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். உடனே குமார் ஒரு சட்டம் போட்டான். ஆட்டோ ஓட்டுபவரின் மகன், என் வயதுதான், ஆனால் தெருவுக்குச் சட்டசபையும் கோர்ட்டும் அவனே. "கீறதே ஒரு பந்து, அதுவும் மாமி வூட்டுக்குள்ள பூட்ச்சுன்னா இன்னா பண்றது? இன்னிலேர்ந்து காம்பவுண்டத் தாண்டுனா அவுட்டு. அவுட்டுன்னா வெளிய போய்க்கினே இருக்கணும்." சட்டம் எல்லோருக்கும் பொது என்று பேர்தான். காம்பவுண்டைத் தாண்டி அடிக்கிற ஆள் தெருவிலேயே ஒருத்திதானே இருந்தாள்! அக்கா குறைத்து அடிக்கப் பார்ப்பாள், முடியாது, கை கேட்காது, பந்து பறக்கும், இவள் மட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் குமாரைத் திட்டிக்கொண்டே வெளியே வருவாள்.

அந்த வருஷம் மாசியில் அக்காவுக்கு முழங்கால் வீங்கிக் காய்ச்சல் வந்தது. வீக்கம் வடிந்துவிட்டது, காய்ச்சல் மட்டும் போகிற போக்கில் இதயத்தில் கைவைத்துவிட்டுப் போயிருக்கிறது. டாக்டர் குழாயை அவள் மார்பில் வைத்து ரொம்ப நேரம் கேட்டார். வால்வு கெட்டுவிட்டது, ஓடக்கூடாது, மாடி ஏறக்கூடாது, தண்ணீர்க் குடம் தூக்கக்கூடாது, படுத்தே இருக்கட்டும் என்றார். பள்ளிக்கூடமும் நின்றது. ஜன்னலோரம் கட்டிலைப் போட்டார்கள். அங்கே படுத்தால் தெரு தெரியாது, ஆனால் சத்தம் கேட்கும். யார் அடித்தது, யார் பிடித்தது, எவன் அழுகுணி ஆட்டம் ஆடுகிறான் என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டே சொல்லுவாள். அதைவிடக் கொடுமை வேறென்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

சித்திரையில் மாமா வந்தார். அம்மாவின் தம்பி, கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. லுங்கிக்குள் சுற்றி வைத்திருந்த ஒரு சாமானை எடுத்து அக்கா மடியில் வைத்தார். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பழுப்பு நிறப் பெட்டி, நடுவில் கறுப்புக் கண்ணாடி, கீழே விசைகள், பக்கவாட்டில் நகத்தால் தள்ளுகிற ஒரு சுவிட்ச். அமெரிக்காவில் ஏதோ துறைமுகத்து நடைபாதையில் பழைய சாமான் விற்றவனிடம் வாங்கினாராம். டப்பா இல்லை, எப்படி ஆடுவதென்று சொல்லும் காகிதம் இல்லை, பெட்டிமேல் அச்சடித்திருந்த எழுத்தெல்லாம் யாரோ ஒரு அமெரிக்கப் பிள்ளையின் கட்டைவிரல் பட்டுப் பட்டுத் தேய்ந்துபோயிருந்தது. "ரெண்டு ஆட்டம் இருக்குன்னான் பிள்ளே, அம்புட்டுதான் எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு மாமா கப்பலுக்குப் போய்விட்டார்.

அதில் ஒன்று, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்களே, அந்த அமெரிக்கக் கால்பந்து, மற்றது பேஸ்பால். இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எங்களுக்கு அந்தப் பெயர்கூடத் தெரியாது. சுவிட்சை ஒரு பக்கம் தள்ளினால் ஒரு சிவப்புப் புள்ளி பளிச்சென்று எரியும், எதிரே மங்கலாகச் சில புள்ளிகள் மறித்துக்கொண்டு நிற்கும். பார்க்க வந்த குமார் கட்டிலடியில் குந்திக்கொண்டு, "இன்னாக்கா இது, சடுகுடு ஆடுது! பாரு, மடக்கிக்கினு வரானுங்க!" என்றான். சடுகுடு என்றால் தொட்டுவிட்டு நம் கோட்டுக்குத் திரும்பி வரவேண்டாமா? அக்கா தன் புள்ளியை எல்லோரையும் தாண்டிக் கொண்டுபோவாள், அப்புறம் பின்னால் வருகிற விசையை அழுத்தித் திரும்பப் பார்ப்பாள், உடனே அமுக்கிவிடுவார்கள். ஒருமுறைகூடத் திரும்ப முடியவில்லை. "போனவன் வீட்டுக்கு வரமுடியலன்னா என்னடா ஆட்டம் இது" என்று வெறுத்துப்போய்ச் சுவிட்சை மறுபக்கம் தள்ளினாள்.

மறுபக்கம் இருந்தது கிரிக்கெட் என்பதில் எங்கள் மூவருக்கும் சந்தேகமே இல்லை. ஒரு புள்ளி மேலிருந்து இறங்கி வரும், கீழே விசையை அழுத்தினால் அடி. ஸ்டம்பு மட்டும் எங்கே என்று தெரியவில்லை, அது அமெரிக்கக்காரன் விட்டுவிட்டான் என்று வைத்துக்கொண்டோம். மெதுவாக அடித்தால் அடித்தவன் ஒரு மூலைக்குப் போய் நின்றுகொள்வான். நன்றாகத் தெரிந்தது, நிற்கிறான், ஆட்டத்தில் இருக்கிறான். ஓங்கி அடித்தால் புள்ளி விர்ரென்று மேல் விளிம்புக்கு வெளியே பறந்துபோகும். காம்பவுண்டைத் தாண்டிவிட்டது! பெட்டி ஏறி இறங்கி ஒரு பாட்டு வாசிக்கும், அடித்தவன் மைதானத்தை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றி வந்து காணாமல் போவான், ஓரத்தில் ஒரு எண் ஏறும். எங்கள் பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டர் தப்பு செய்தவர்களை மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவார், அதுபோல்தான் இதுவும் என்று குமார் தீர்ப்புச் சொன்னான். பாட்டு, கேலி. எண், எத்தனை அவுட் என்கிற கணக்கு. "பாருக்கா, அமெரிக்காவுலயும் நம்ம ரூலுதான் கீது" என்று அவனுக்கு ஒரே பெருமை.

அக்காவின் கட்டைவிரல் அவள் மட்டையைப் போலவேதான். எத்தனை அடக்கினாலும் புள்ளி பறந்துவிடும், பாட்டு வந்துவிடும். அடுப்படியிலிருந்து அம்மா, "என்ன பிள்ளே, அவுட்டா?" என்பாள். "ஆமாம்மா, அவுட்டு." "சரி, இன்னொரு தரம் ஆடு."

விளையாட்டாக இருந்தவரைக்கும் இது ஒன்றுமில்லை. ஆடி மாதத்தில் ஒருநாள் அக்கா என்னிடமும் குமாரிடமும் சொன்னாள்: "ஒரு கட்டை தீர்றவரைக்கும் நான் அவுட்டாகாம ஆடிட்டேன்னா, எந்திச்சு தெருவுக்கு வந்துருவேன். பாத்துக்கிடுங்க." யாரோடு போட்ட பந்தயம் என்று நாங்கள் கேட்கவில்லை. அந்த வயதில் இதெல்லாம் கேட்காமலே புரிந்துவிடும். அம்மா காதிலும் விழுந்தது. அவள் தன் பங்குக்கு முண்டகக்கண்ணியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். ஆனாலும் எனக்குத் தெரியும், அம்மனைவிட அந்தப் பெட்டியைத்தான் அவள் அதிகமாக நம்பினாள். பாட்டு வந்தால் அம்மிச் சத்தம் நின்றுவிடும்.

சதுரக் கட்டை லேசில் கிடைக்காது. கிடைத்தாலும் விலை அதிகம், அப்பா எப்போதாவதுதான் வாங்கி வருவார். ரேடியோ ரிப்பேர் கடையில் எடுபிடி வேலை செய்து குமார் பழசு ஒன்றிரண்டு கொண்டுவருவான். அவற்றை மொட்டைமாடி வெயிலில் காயவைத்து, நான் நாக்கில் வைத்துப் பார்த்து, சுரீரென்றால் கீழே ஓடிவந்து கொடுப்பேன். ஒவ்வொரு புதுக் கட்டைக்கும் அக்கா குளித்து, தலை வாரி, தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வாள். ஒவ்வொரு கட்டையிலும் பாட்டு வந்தது. அவள் அழவில்லை, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். எதிர்வீட்டு மாமிக்கு யார் சொன்னார்களோ, ஒரு கூடை நிறையப் பழைய பந்துகளைக் கொண்டுவந்து கட்டிலடியில் வைத்தாள். எல்லாம் அவள் வீட்டுக்குள் அக்கா அடித்தவை. "எல்லாம் உனக்குத்தான்டி. எழுந்து வந்து அடி. ஜன்னல் கிடக்கு, கண்ணாடி மாத்திக்கலாம்" என்றாள். கடுகடு மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனதை அன்றைக்குத்தான் பார்த்தோம்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. தெருவில் முழங்கால் தண்ணீர், ஆட்டம் கிடையாது. அக்காவுக்குக் கால் வீங்கியது, இரண்டு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கியது. ஒரு மத்தியானம் குமார் தொப்பலாக நனைந்து வந்தான், பாலிதீன் கவருக்குள் ஒரு புதுக் கட்டை. எங்கே கிடைத்தது என்று கேட்டால், "வுடு, ஆடச்சொல்லு" என்றான். அக்கா ஆடினாள். அப்படி ஓர் ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. விசையைத் தொட்டும் தொடாமலும், பயந்து பயந்து, பூனை பால் குடிக்கிற மாதிரி. அன்றைக்கு முழுக்கப் பாட்டு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. புள்ளிகள் மங்க ஆரம்பித்தன, கட்டை தீரப்போகிறது, அவுட் இல்லை! குமார் மூச்சுவிடாமல் நின்றான். அம்மா ஈரக் கையோடு வாசற்படியில் வந்து நின்றாள். எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது, எங்கள் அக்கா எழுந்து வந்துவிடுவாள், நாளைக்கே வந்துவிடுவாள்!

அப்போது பந்து இறங்கியது. பழைய பழக்கமோ என்னவோ, அவள் விரல் சரியான நேரத்துக்கு அழுத்திவிட்டது. புள்ளி மேலே ஏறிப் பறந்தது. கட்டையில் உயிர் இல்லாததால் பாட்டு இழுத்து இழுத்து, தூக்கத்தில் பாடுகிற மாதிரி வந்தது. முழுப்பாட்டும் கேட்டோம்.

"என்ன பிள்ளே, அவுட்டா?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா. காம்பவுண்டத் தாண்டிருச்சு."

குமாருக்குப் பொறுக்கவில்லை. "இது செல்லாதுக்கா! மழைல ஆடுனா ஆட்டமே செல்லாது!" என்று கத்தினான். அக்கா பெட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நீ போட்ட ரூலுதானடா" என்றாள். திட்டவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் அதைத் தொடவே இல்லை. கார்த்திகை பிறக்குமுன் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குமாரின் அப்பாதான் ஆட்டோவில் அழைத்துப்போனார். திரும்பி வந்தது அம்மாவும் அப்பாவும் மட்டும்தான்.

இதெல்லாம் எந்தக் காலமோ. மாமி வீட்டுக் காம்பவுண்டு இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி, அதற்குக் கீழே கார் நிறுத்தம். மெட்ரோ வேலைக்காகப் பெரிய சாலையை அடைத்ததிலிருந்து எங்கள் தெருவில் நாள் முழுக்க வண்டிகள். பந்து உருள ஒரு சாண் இடமில்லை. தெருவில் ஆடுகிற பிள்ளைகளும் இல்லை, அவுட் என்று சொல்ல ஒரு குமாரும் இல்லை. அவன் குடும்பத்துக்கு அரசாங்கம் ஊருக்கு வெளியே செம்மஞ்சேரிப் பக்கம் வீடு கொடுத்து அனுப்பிவிட்டது, அதோடு தொடர்பு விட்டுப்போயிற்று. அப்பாவும் போய்விட்டார். அம்மா என்னோடு இருக்கிறாள், நடமாட்டம் குறைவு, இன்றைக்குச் சாப்பிட்டது மறந்துவிடும், காது மட்டும் பாம்புக் காது.

போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது அந்தப் பெட்டி கிடைத்தது. உள்ளே கட்டை கசிந்து பச்சை பூத்திருந்தது, இனி எந்தப் பேட்டரிக்கும் அது எழுந்திருக்காது. என் மகள் அதைப் படம் பிடித்துப் போனில் தேடி, "அம்மா, இங்க பாரு, இதே மாதிரி ஒண்ணு" என்று ஒரு வீடியோவைக் காட்டினாள். யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவர், பழைய பொம்மைகள் சேர்ப்பவராம், அதே பழுப்புப் பெட்டியை வைத்துக்கொண்டு பேஸ்பால் ஆடிக்காட்டினார். புள்ளி இறங்கியது, அடித்தார், மேலே பறந்து விளிம்பைத் தாண்டிப் போயிற்று. அதே பாட்டு. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். கிழவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குழந்தைமாதிரி கூத்தாடினார். "ஏன்டி, அவுட்டுக்கு எதுக்கு இவன் குதிக்கிறான்?" என்றேன். மகள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அவுட்டா? அதுதாம்மா இருக்கிறதுலயே பெரிய அடி. சுத்தி ஓடி வந்தா ரன்னு. இதுக்கு மேல அதுல ஒண்ணுமே கிடையாது."

மகள் ஒன்றும் புரியாமல், எனக்குக் காட்டுவதற்காக அதையே திரும்ப ஓடவிட்டாள். பாட்டு மறுபடி வீட்டுக்குள் ஏறி இறங்கியது.

உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "என்ன பிள்ளே, அவுட்டா?"

போய்க் கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இல்லம்மா. செல்வி அவுட்டே ஆகலம்மா. ஒருதரம்கூட ஆகல."

அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"பின்னே ஏன் பிள்ளே போனா?" என்றாள்.