தலைவர் ஊரில் குடியிருக்க வேண்டும்

ரயிலில் ஒரு நாள் பிந்தி வரும் பத்திரிகையைச் சித்தப்பா மடியில் வைத்து, மடிப்புகளை நீவிவிட்டுத்தான் விரிப்பார். பிறகு ஓலைத்தொடுவாய் வாசிகசாலைக் கொட்டிலில் கூடியிருக்கும் கடற்தொழிலாளருக்கு உரத்து வாசிப்பார். வெள்ளைக்காரன் புதிய அரசியலமைப்பு ஒன்றைத் தரப்போகிறான் என்று கொழும்பில் விவாதம் நடந்த காலம் அது. அதை மாற்ற மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பேர் இணங்கவேண்டும் என்ற இடம் வந்ததும் அவருக்குக் குரல் ஏறிவிடும். “வந்திருக்கிற ஆக்களிலை இல்லை, மொத்த ஆக்களிலை. எங்களைப்போலச் சிறுபான்மை ஆக்களுக்கு வேறை என்ன வேலி இருக்கு?” என்பார். அந்த வேலியும் போதாது என்று சிலர் இழுப்பார்கள். மத்தியானம்வரை சண்டை நடக்கும்.

அவர் என் அப்பாவின் தம்பி, ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார், வாசிகசாலைத் தலைவர். அதன் விதிகளை எழுதியவரும் அவர்தான். வோட்டுக் கேட்டு வருகிறவர்கள் வென்றதும் கொழும்பிலேயே இருந்துவிடுகிறார்கள் என்ற கோபத்தில், தலைவர் ஊரில் குடியிருக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்தார். எந்த விதியை மாற்றவும் மொத்த அங்கத்தவரில் மூன்றில் இரண்டு பேர் கை தூக்க வேண்டும் என்று இன்னொன்று. கிறிஸ்மஸ் காலம், எல்லாரும் ஊரில் நின்றார்கள், கைதட்டி ஏற்றார்கள். காற்று மாறினால் பாதிப்பேர் வலையோடு மற்றக் கரைக்குப் போய், ஓலைவாடி போட்டு மாதக்கணக்கில் அங்கேயே கிடப்பார்கள் என்பது, பிறந்தது முதல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தருக்கும் அப்போது நினைவு வரவில்லை. எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும். ஆனால் சிரிக்க முடிவதில்லை.

அடுத்த வருடம் சித்தப்பாவுக்குத் தலைமன்னாரில் கல்யாணம் பேசி முடித்தார்கள். தானே கண்டு, தானே ஆசைப்பட்ட பெண். அவளுடைய பெயரைச் சொன்னாலே காது சிவந்துவிடும். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய் இருப்பதுதான் வழக்கம். அவளோ ஒரே பிள்ளை, படுக்கையில் கிடந்த தாயை விட்டு வரமுடியாதவள். சித்தப்பா அங்கே போனால் தலைவர் பதவி போய்விடும். கொட்டில் நின்ற காணி, வலைகளுக்கெல்லாம் சொந்தக்காரரான சம்மாட்டியார் கொடுத்தது. தலைவர் இல்லாமல் போனால் காணி திரும்பவும் தனக்கு என்று சொல்லித்தான் கொடுத்தார். அங்கே கருவாடு அடுக்க அவருக்கு எப்போதும் ஒரு கண். மற்றவர்கள் எல்லாரும் அவருடைய வலையை இழுத்துப் பிழைக்கிறவர்கள், அவரை எதிர்த்துத் தலைவராக யாரும் துணியமாட்டார்கள். வாத்தியார் ஒருவர்தான் அவருக்கு முன்னால் கதிரையில் சாய்ந்து இருக்கக்கூடியவர்.

ஆகவே ஞாயிறுதோறும் தலைமன்னாரிலிருந்து ரயிலில் வந்துபோகிற ஒருவரும் தலைவராக இருக்கலாம் என்று விதியை மாற்றுவது ஒன்றே வழி. அதற்கு ஆட்கள் ஊர் திரும்பவேண்டும். ஆட்கள் கரை திரும்பும் பாஸ்குத் திருநாள்வரை, அந்த உயிர்த்த ஞாயிறுவரை, காத்திருந்தார். அதற்குமேல் பொறுக்கமாட்டோம் என்று பெண்வீட்டார் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

திருநாள் பூசை முடிந்து ஆண்கள் கொட்டிலுக்குள் போனார்கள். பெண்கள் அங்கத்தவர் இல்லை, வேலிக்கு வெளியே நின்றோம். “கொழும்புக்கு ஆள் அனுப்ப எனக்கு வோட்டு இருக்கு, உந்தக் கொட்டிலுக்கு இல்லை,” என்று அம்மா எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னார்.

கைகள் எழுந்தன. எண்ணிப் பார்த்தபோது மூன்றில் இரண்டுக்கு ஒரு கை குறைந்தது. அப்பா கையை மடியில் வைத்தபடி இருந்தார்.

“அண்ணை?” என்றார் சித்தப்பா.

“உனக்கெண்டு இண்டைக்கு மாத்தினால், சம்மாட்டியார் தனக்கெண்டு நாளைக்கு மாத்துவார். அவர் சொன்னால் இந்தக் கையெல்லாம் எழும்பும். ஆளுக்காக விதியை மாத்தக்கூடாது எண்டு நீ படிப்பிச்சதுதானே? ஆனா நீயும் ஒரு அங்கத்தவன். உன்ரை கையைத் தூக்கு, நான் மறிக்கமாட்டன்.”

“தூக்குங்கோ வாத்தியார், தூக்குங்கோ!” என்று பல குரல்கள். அப்பாவை அந்த நேரம் நான் வெறுத்தேன், வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. சித்தப்பா தன் வலது கையைப் பார்த்தார். முகம் வேர்த்து ஊற்றியது, அதைக்கூடத் துடைக்கவில்லை. துடைக்கக் கை உயர்த்தினால் அதையும் எண்ணிவிடுவார்கள் என்று பயந்தாரோ என்னவோ.

“தன்ரை காரியத்துக்குத் தானே கை தூக்கிற தலைவர் இந்த ஊருக்கு வேண்டாம்,” என்றார். “தீர்மானம் தோற்றது.”

அந்த வருடம் முடியமுன் அவளை வேறு ஒருவர் கட்டினார். சித்தப்பா சாகும்வரை தலைவராகவே இருந்தார், தனியாகவே இருந்தார். புதிய அரசியலமைப்பு வந்த அன்றும் அந்த மூன்றில் இரண்டை அதே கொட்டிலில் வாசித்தார், குரல்தான் ஏறவில்லை. அண்ணனும் தம்பியும் கடைசிவரை ஒரே கோப்பைத் தேநீரைப் பகிர்ந்து குடித்தார்கள், அந்த நாளைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சித்தப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த பின்னேரம், அப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“அவன் தன்ரை கையைத் தூக்குவான் எண்டு நம்பித்தான் பிள்ளை, நான் என்ரை கையைத் தூக்கேல்லை.”