புக்கு ரூமில் வளர்மதி

அந்துருண்டை வாசமும், சன்னல் வழியே வாய்க்கால் காற்றில் ஏறி வரும் வயல்சேற்று மணமும் கலந்ததுதான் எங்கள் பள்ளி நூலகம். கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பள்ளியில் யாரும் அதை நூலகம் என்று சொன்னதில்லை. எல்லோருக்கும் அது "புக்கு ரூம்". நான் எட்டாம் வகுப்புக்குப் போன வருடம், கோயமுத்தூர் உக்கடத்திலிருந்து ஜமீலா டீச்சர் நூலகராக வந்தார். உடைந்த நாற்காலிகள் அடைந்து கிடந்த அறையைக் கூட்டிக் கழுவி, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு யார் வேண்டுமானாலும் வரலாம் என்று திறந்து வைத்தார்.

என்னோடு அங்கே வந்தவள் வளர்மதி. ஒரே தெரு, ஒரே பெஞ்சு. கணக்கை மனத்திலேயே போட்டுவிடுவாள். எழுத்துக் கூட்டி வாசிக்க மட்டும் வராது. வகுப்பில் அவளுக்குப் பெயர் "மக்கு". படம் பார்க்கிற சாக்கில் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தவளின் அருகே ஒருநாள் டீச்சர் வந்து உட்கார்ந்தார்.

"எழுத்தெல்லாம் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குதா கண்ணு?"

வளர்மதி அழுதுவிட்டாள். அதுவரை எல்லோரும் திட்டியிருந்தார்களே ஒழிய, யாரும் அப்படிக் கேட்டதில்லை.

அன்றிலிருந்து வரிக்குக் கீழே ஓர் அட்டையை வைத்து நகர்த்தியபடி, இருவரும் ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்கள். ஐப்பசி மழை ஓய்வதற்குள் சின்னச் சொற்கள் அவளுக்குப் பிடிபட்டுவிட்டன. இப்படிப்பட்ட பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள் என்று தலைமையாசிரியரிடம் வாதாடி, சனிக்கிழமை சாயங்காலம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வைத்தார் டீச்சர். அந்தப் பிள்ளைகளை எப்படி அடையாளம் காண்பது, எப்படிச் சொல்லிக்கொடுப்பது, எதைச் செய்யவே கூடாது என்பதுதான் பாடம். "புக்கு அடுக்கற டீச்சரு நமக்குப் பாடம் எடுக்கறாங்களாமா" என்று முணுமுணுத்தபடியே சிலர் வந்தார்கள். தமிழய்யா வரவில்லை, பத்தாம் வகுப்புக்குத் தனி வகுப்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

முதல் பயிற்சி முடிந்த திங்கட்கிழமை அவர் வளர்மதியை எழுப்பி, செய்யுளை உரக்க வாசிக்கச் சொன்னார். கொடுமைக்காரர் அல்லர், பயந்தால் படிப்பு வரும் என்று நம்பியவர். முதல் வரியிலேயே அவள் சிக்கிக்கொண்டாள். வகுப்பு சிரித்தது.

"எப்ப வருதோ அப்ப உட்காரு" என்றார்.

முதல் சொல்லையே திரும்பத் திரும்பத் திக்கிச் சொன்னவள், கடைசியில் வாயைத் திறக்கவேயில்லை. மணி அடித்ததும் பையை எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை.

அவளை நூல் மில்லில் சேர்க்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ஜமீலா டீச்சர் அவள் வீட்டுக்குக் கிளம்பினார். என்ன சொன்னாரோ, தமிழய்யாவும் கூட வந்தார். வழிகாட்ட நானும் போனேன்.

"படிப்பு ஏறாத புள்ளைங்க டீச்சர்" என்றார் வளர்மதியின் அம்மா. "ஊட்டுல வெச்சிருந்து என்ன பண்றதுங்க? மில்லுல விடுதி இருக்குது, சோறு போடறாங்க. அவளேதான் போறேங்கறா."

கதவுக்குப் பின்னால் நின்றவளிடம் தமிழய்யா தணிந்த குரலில் பேசினார். "தப்பு என்மேலதான் அம்மணி. இனி உன்னை வாசிக்கச் சொல்ல மாட்டேன். வந்துரு."

"நீங்க சொல்ல மாட்டீங்கய்யா. சிரிச்சவங்க அங்கயேதான இருக்காங்க" என்றாள் அவள். முகத்தைக்கூட வெளியே காட்டவில்லை.

மறுவாரம் தெருமுனையில் வந்து நின்ற மில் வண்டியில் ஏறிப் போனாள். அடுத்த சனிக்கிழமைப் பயிற்சிக்கு முதல் ஆளாகத் தமிழய்யா வந்து உட்கார்ந்திருந்தார். அதன்பின் அவர் வகுப்பில் யாரையும் அப்படி நிற்க வைத்ததில்லை. எங்களுக்குப் பின்னால் வந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு அது உதவியது, வளர்மதிக்கு உதவவில்லை.

ஜமீலா டீச்சர் ஓய்வுபெற்ற பிறகு அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. இப்போது அந்த அறைக்குள் இலவச சைக்கிள்களின் உதிரிப் பாகங்கள் கிடக்கின்றன. சனிக்கிழமைப் பயிற்சி ஒன்று நடந்தது என்பதே இன்றைய ஆசிரியர்களுக்குத் தெரியாது.

போன ஆவணியில் ஈரோடு பேருந்து நிலையத்தில், "ஏனுங்க, இது கோபி வண்டிங்களா?" என்று ஒருத்தி என்னைக் கேட்டாள். வண்டியில் கோபிசெட்டிபாளையம் என்ற பெயர்ப்பலகை அவள் தலைக்கு நேர் மேலே இருந்தது. திரும்பிப் பார்த்தால் வளர்மதி. நரை விழுந்திருந்தது, பேச்சுக்கு நடுநடுவே இருமினாள். வண்டியில் ஏறியதும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன்.

"டீச்சர் இருக்காங்களா?" என்றாள்.

"போன வருசம் தவறிட்டாங்க, வளரு."

காலடியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "சின்ன வார்த்தையெல்லாம் அப்பவே வந்துருச்சு. இன்னுங் கொஞ்ச நாள் இருந்திருந்தா மிச்சமும் வந்திருக்குமில்ல?" என்றாள்.

"வந்திருக்கும்" என்றேன்.

வண்டி கவுந்தப்பாடியைத் தாண்டும்வரை அவள் சன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.