தான் இல்லாத நாளுக்குப் பிள்ளைகளைப் பழக்கிய என் அக்கா

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்திருக்கும் உறவுகளுக்கும், அவரிடம் படித்து இன்று பிள்ளைகுட்டிகளோடு இருக்கும் மாணவர்களுக்கும் தம்பி எழுதுவது. நினைவு மலருக்கு யாராவது வாத்தியாரிடம் எழுதி வாங்கலாம் என்று என் மகன்கள் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் கடலூர் முதுநகரில் தார்ப்பாய், கயிறு என்றால் ஆட்கள் முதலில் என் கடைக்குத்தான் வருகிறார்கள். அதை யாரும் எழுதிக் கொடுத்து நான் நடத்தவில்லை. இதையும் நானே எழுதுகிறேன்.

நாங்கள் காடாம்புலியூரில் பிறந்தவர்கள். அப்பாவுக்குச் சொந்த நிலம் கிடையாது. முந்திரித் தோப்பில் காவல் வேலை. கொட்டை விழும் மாதங்களில் எங்கள் வீட்டு அடுப்பு நன்றாக எரியும். மற்ற மாதங்களில் யோசித்து யோசித்துத்தான் எரியும். அக்கா எட்டாவது படிக்கும்போது அப்பா தவறிப்போனார். இரண்டு பேரில் ஒருவர்தான் மேலே படிக்க முடியும் என்று ஆனது. "நான் மூட்ட தூக்குறேம்மா, அது படிக்கட்டும்" என்று சொன்னவன் நான். பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுத வந்தேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன். அக்கா ஆசிரியர் பயிற்சி முடித்தார். நான் கொட்டை மூட்டை தூக்கி, லாரியில் கிளீனராகப் போய், லாரிக்குத் தார்ப்பாய் கட்டக் கற்றுக்கொண்டு, கடைசியில் தார்ப்பாய்க்கே முதலாளி ஆனேன்.

அக்காவுக்கு நல்ல இடங்கள் வந்தன. அம்மா படுத்த படுக்கையாக இருந்த வருடங்களில் அவை எல்லாம் தள்ளிப் போயின. அம்மா போன பிறகு வந்தவற்றை அக்காவே வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டவர்களுக்கு, "பள்ளிக்கூடத்துல அத்தினி புள்ளைங்களுக்குத் தலை வாரி உடணும், நேரமில்ல" என்று சிரித்துவிடுவார்.

அவர் வேலை பார்த்தது கிள்ளைக்கு அந்தப் பக்கம், கழிமுகத்தை ஒட்டிய ஓர் ஊரில். இரண்டே ஆசிரியர்கள் உள்ள ஆரம்பப் பள்ளி. சிதம்பரத்தில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு தினமும் பஸ்ஸில் போய் வந்தார். அங்கே அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். மாதத்தில் ஒரு நாள் "டீச்சர் வராத நாள்". அன்றைக்கு அவர் புங்கமரத்தடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். வாயைத் திறக்க மாட்டார். சாவி வைத்திருக்கும் பிள்ளை கதவைத் திறக்க வேண்டும், ஒரு பிள்ளை மணி அடிக்க வேண்டும், பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வேண்டும், சத்துணவுக்கு வரிசையில் கூட்டிப் போக வேண்டும். யாராவது விழுந்து அழுதாலும் அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இது தெரியாமல் ஒருமுறை பள்ளிக்கு நன்கொடையாகப் புத்தம்புதுத் தார்ப்பாய்களையும் கயிற்றுச் சுருளையும் ஏற்றிக்கொண்டு போய் நின்றேன். கேட்டில் கனகா என்ற ஐந்தாம் வகுப்புப் பெண்.

"யாரு சார் நீங்க? யாரப் பாக்கணும்?"

"டீச்சரோட தம்பிம்மா. தெற."

"டீச்சர் இன்னிக்கி வரல சார்."

"தோ மரத்தடியில உக்காந்திருக்காங்களே!"

"உக்காந்திருக்காங்க. ஆனா வரல."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என்ன யாருன்னு நெனச்ச? கடலூர்ல போய்க் கேளு, என் பேரத் தெரியாத ஆளு கெடையாது."

"இது கடலூர் இல்ல சார். நெழல்ல நில்லுங்க, கேட்டுட்டு வர்றேன்."

அவள் போய்க் கேட்டது அக்காவிடம் இல்லை. அன்றைக்கு டீச்சராக இருந்த இன்னொரு பிள்ளையிடம். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாரே தவிர ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாயங்காலம் வண்டியில் வரும்போதுதான் பேசினார்: "உன்ன வெளிய நிறுத்தி வச்ச ஒரே ஆளு அவதான்டா. கலெக்டராவே ஆயிடுவா."

"இதெல்லாம் இன்னாத்துக்குக்கா? வேலைக்குச் சேந்தமா, பாடத்த நடத்துனமான்னு இல்லாம?"

"தண்ணி பக்கத்துல இருக்கிற ஊருடா. நான் சிதம்பரத்துல இருக்கேன். தண்ணி வந்தா அங்க அதுங்கதான் இருக்கும், நான் இருக்க மாட்டேன்."

தண்ணீர் அந்த வருடமே வந்தது. ஐப்பசி மாதம், விடியற்காலையில் பிடித்த மழை. இன்னொரு டீச்சர் பிரசவ விடுப்பில் இருந்தார். அக்கா போன பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. பள்ளிக்கு விடுமுறை என்ற செய்தி வருவதற்குள் உள்ளூர்ப் பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருக்கும். நல்ல வேளையாக நான் சரக்கு இறக்கச் சிதம்பரம் வந்திருந்தேன். அக்காவின் போன் வந்ததும் மினி லாரியை எடுத்துக்கொண்டு போய், வழியில் அவரை ஏற்றிக்கொண்டேன். அந்தத் தண்ணீரில் வண்டி ஓட்ட வேறு யாருக்கும் தைரியம் வந்திருக்காது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பள்ளி மைதானத்தில் முழங்கால் தண்ணீர். கேட்டுக் கம்பத்திலிருந்து வராண்டாத் தூண் வரைக்கும் கயிறு இழுத்துக் கட்டியிருந்தார்கள். என் கடைக் கயிறு. சின்னப் பிள்ளைகள் எல்லாம் மேடான அறையில் பெஞ்சுமேல் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அரிசி மூட்டை மேசைமேல் ஏறியிருந்தது. வராண்டாவில் கனகா நின்று, வந்த பெற்றோரிடம் ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் சொல்லி ஒப்படைத்துக்கொண்டிருந்தாள். ஒருத்தர் போதையில் தள்ளாடிக்கொண்டு வந்து அண்ணன் பிள்ளையைக் கேட்டார்.

"உங்ககூட அனுப்ப மாட்டேன் மாமா. அத்தைய வரச் சொல்லுங்க."

"நான் அவனுக்குச் சித்தப்பன்டி!"

"தெரியும் மாமா. நீங்களே கயித்தப் புடிச்சிக்கினுதான் நிக்கிறீங்க."

நான் சிரித்துவிட்டு, "உள்ள போக்கா" என்றேன். அக்கா வண்டியை விட்டு இறங்கினார். ஆனால் வண்டிக்குப் பின்னாலேயே நின்றார். குடை மடங்கிப்போய், புடவை உடம்போடு ஒட்டிப்போய், அப்படியே நனைந்துகொண்டு நின்றார்.

"சும்மா இர்ரா. நான் போனா எல்லாம் என் மூஞ்சியப் பாத்து அழ ஆரம்பிச்சிடும். இப்ப அதுங்களுக்கு நான் வேணாம்."

ஒரு நாளும் அவர் முகத்தை அப்படிப் பார்த்ததில்லை. சந்தோஷமும் இருந்தது. அவரை யாரும் இல்லாத ஊரில் விட்டுவிட்டு வந்த மாதிரியும் இருந்தது. எல்லாப் பிள்ளைகளும் போன பிறகு கனகா மட்டும் நின்றாள். அவளை அழைக்க யாரும் வரவில்லை. எல்லாம் பார்த்துக்கொள்கிறவள் தானாக வந்துவிடுவாள் என்று அவள் வீட்டில் நினைத்திருக்கிறார்கள். அப்போதுதான் அக்கா தண்ணீரில் இறங்கி உள்ளே போனார். டீச்சரைப் பார்த்ததும் அந்தப் பெண் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

ஓய்வு பெற்ற பிறகும் அக்கா சிதம்பரத்தை விட்டு வரவில்லை. அவரிடம் படித்தவர்கள் எத்தனையோ ஊர்களில் இருக்கிறார்கள். ஒருத்தரும் வந்து பார்ப்பதில்லையே என்று நான் ஆத்திரப்படுவேன். "வரலைன்னா நல்லா இருக்காங்கன்னு அர்த்தம். தானா நடக்கக் கத்துக் குடுத்துட்டு, ஏன் என் கையப் புடிக்கலன்னு கேக்கலாமா?" என்பார். இருந்தாலும் சாயங்காலமானால் அவருடைய நாற்காலி தெருவைப் பார்க்கத் திரும்பியிருக்கும்.

என் வீட்டுக்காரி போன பிறகு நானும் தனிக்கட்டை. ஒரு மகன் சிங்கப்பூர், ஒரு மகன் பெங்களூர். மூன்று மாடி வீடு, எங்கள் தெருவில் முதல் லிப்ட் வைத்தவன் நான். அதில் ஏறி இறங்க நான் ஒருத்தன். அக்காவை எப்படியாவது கொண்டு வந்துவிட வேண்டும் என்பதுதான் என் ஒரே நினைப்பு. ஞாயிறுதோறும் சிதம்பரம் போய், "வாக்கா. லிப்ட் இருக்கு, ஏசி இருக்கு, சமைக்க ஆள் இருக்கு" என்பேன். "இதெல்லாம் எனக்கு எதுக்குடா? என் வேலைய நானே பாத்துக்கிறேன்" என்பார். அவருக்கு இருதயம் வீங்கிவிட்டது, தனியாக இருக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகும் அதே பதில்தான்.

அதற்குப் பதிலாக என்னைத் தயார்படுத்த ஆரம்பித்தார். தான் போனால் யார் யாருக்குச் சொல்ல வேண்டும், எந்தப் புடவை, நகராட்சியில் என்ன பதிய வேண்டும், எல்லாம் வாய்ப்பாடமாகச் சொல்லி, "இப்ப நீ சொல்லு பாப்போம்" என்பார். நான் திருப்பிச் சொல்லுவேன். என் கடைக் கணக்கே என் மனதில்தான் இருக்கிறது, இது எம்மாத்திரம். கடைசியாக ஒன்று சொன்னார்: "பள்ளிக்கூடம் விட்ட பிறகுதான் எடுக்கணும். எனக்காக ஒரு புள்ளகூட மட்டம் போடக் கூடாது."

அதைத் திருப்பிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஞாயிறுதான் வேறு மாதிரி கேட்டேன். "உனக்காகக் கூப்புடலக்கா. டிவிய நிறுத்துனா வீட்ல சத்தமே இல்ல. எனக்காக வா."

அக்கா என்னை நன்றாகப் பார்த்தார். "இத மொதல்லியே சொல்லியிருந்தா என்னிக்கோ வந்திருப்பேனே. லிப்ட்டு, ஏசின்னு எனக்குக் கடை விரிச்சிக்கினு இருந்த. தை பொறக்கட்டும், வர்றேன்."

கீழ் அறையை நானே கூட இருந்து தயார் செய்தேன். தாழ்வான கட்டில், பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி, தெருவைப் பார்த்த ஜன்னல் ஓரம் நாற்காலி. மார்கழி முடியவில்லை. ஒரு நாள் காலையில் அக்காவின் பக்கத்து வீட்டு அம்மா போன் செய்தார். அக்கா தூக்கத்திலேயே போய்விட்டிருந்தார்.

அக்கா சொன்னபடி ஒன்று விடாமல் செய்தேன். பள்ளி விட்ட பிறகுதான் எடுத்தோம். அதற்குள் தெரு நிறைந்துவிட்டது. சீருடை மாற்றாத தங்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அக்காவின் மாணவர்கள் வந்தார்கள். பாடை கட்டியது, தண்ணீர் கொடுத்தது, வண்டிகளை ஒதுக்கியது எல்லாம் அவர்களே. அடுத்து என்ன என்று ஒருவர்கூட என்னைக் கேட்கவில்லை. கருமாதி வரைக்கும் அக்கா சொன்னது எனக்குப் பாடம். அதற்கு மறுநாளிலிருந்து என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

இரண்டு வருடம் அக்காவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிய ஆட்டோத் தம்பிக்கும், அன்றைக்கு வந்து நின்ற அத்தனை மாணவர்களுக்கும் என் கும்பிடு. கடலூர்ப் பக்கம் கல்யாணம், கோர்ட்டு, ஆஸ்பத்திரி என்று வருகிறவர்கள் லாட்ஜில் ரூம் போட வேண்டாம். கீழ் அறை தயாராக இருக்கிறது, ஒருவரும் இன்னும் படுக்காத மெத்தை. வருகிறோம் என்று முன்கூட்டிச் சொல்லக்கூட வேண்டியதில்லை. நான் வீட்டில்தான் இருப்பேன்.