சீட்டைக் கழற்றிப் பாரும் வே

பழைய சைக்கிள் வியாபாரத்தில் சைக்கிளைப் பார்ப்பது பாதி வேலைதான். அதைக் கொண்டுவருகிற ஆளைப் பார்ப்பதுதான் மீதி. அம்பாசமுத்திரம் போகிற ரோட்டில் இருபது வருசமாகப் பழைய வண்டி வாங்கி, சரிபண்ணி விற்கிறேன். இந்தத் தொழிலில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நான் சொல்லிக்கொள்வேன். வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் ஒரே ஒரு திருட்டு வண்டி என் கடையில் அகப்பட்டால் போதும், அண்ணாச்சி என்று கூப்பிடுகிற வாயெல்லாம் வேறு பேர் வைத்துவிடும். அந்தப் பயம் எனக்கு எப்போதும் உண்டு. பழைய சைக்கிள் வாங்கி முழங்கால் சிராய்த்துக்கொண்ட என் சகபாடிகளே, நம் கதை இதுதான்.

புதுப் பெயிண்ட்

ஆழ்வார்குறிச்சியில் ரிட்டயரான வாத்தியார் ஒருவர், டாக்டர் மிதிக்கச் சொன்னார் என்று வேறெங்கேயோ ஒரு சைக்கிளை வாங்கிவிட்டு, காற்றடிக்க என்னிடம் வந்தார். காற்று ஒரு சாக்கு. வண்டியைப் பார்த்து நான் நாலு வார்த்தை மெச்ச வேண்டும், அதுதான் விசயம். நீல நிறம், கல்யாண மாப்பிள்ளை மாதிரி மினுமினுப்பு. எனக்கு அதிலேயே சந்தேகம். ஸ்பானரால் தட்டிக்கொண்டே வந்தேன். முன் ஃபோர்க்கில் சத்தம் செத்துப்போய் வந்தது. பிளேடால் சுரண்டினால் உள்ளே துரு, பொருபொருவென்று உதிர்ந்தது.

"சார்வாள், இது உவரியிலிருந்து மீன் சுமந்த வண்டி. உப்புத் தண்ணி வடிஞ்சு வடிஞ்சு இரும்பைத் தின்னுட்டு. ஏதாவது இறக்கத்துல பிரேக் பிடிச்சீர்னா வண்டி ஒரு பக்கம், நீர் ஒரு பக்கம்" என்றேன். சீட்டுக்கு அடியில் குனிந்தாலே ஆளைத் தூக்குகிற வாடை. வாங்கும்போது மோந்துகூடப் பார்க்கவில்லையா என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன். அவர் பரம்பரைச் சைவம். பைய என் பக்கம் வந்து சொன்னார்: "மோந்து பார்த்தேன் வே. பழைய கிரீஸு இப்படித்தான் நாறும்னுல்லா நினைச்சேன்."

சனிக்கிழமை ஆள்

முத்துலெட்சுமி பீடி சுற்றுகிறவள். சுற்றிய பீடியைச் சைக்கிளில் வைத்துப் பீடிக்கடைக்குக் கொண்டுபோவாள். சிவப்பு லேடீஸ் சைக்கிள். அதன் சீட்டு அடிக்கடி கீழே இறங்கிவிடும். "போல்ட்டை மாத்து" என்று எத்தனையோ தடவை சத்தம் போட்டேன். அவள் கேட்கவில்லை. ஏதோ தன் கைவைத்தியம் பண்ணி ஓட்டிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் பீடிக்கடை வாசலில் நிறுத்திய வண்டியைக் காணோம். அன்றிலிருந்து சுமையைத் தலையில் வைத்து நடை. சனிக்கிழமை தவறாமல் என் கடைக்கு வந்து, நிற்கிற வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுப் போவாள். என்னைத்தான் சந்தேகப்படுகிறாளோ என்று முதலில் எனக்கு ஆத்திரம். பிறகு அவள் நடக்கிற நடையைப் பார்த்து மனசு கேட்கவில்லை. "வேற வண்டி ஒண்ணு எடுத்துட்டுப் போ தாயி, தொலைஞ்ச வண்டி கிடைக்கட்டும்னு ஏன் கால் தேய நடக்க?" என்றேன். அவள் சொன்னாள்: "என் வண்டி எங்கனயோ நிக்கி அண்ணாச்சி. நான் வேற வண்டியில போயிட்டா அதை யாரு தேடுவா?"

போலீஸ் வந்தது

குலசேகரன்பட்டினம் தசராவுக்கு மாலை போட்டவர்கள் வேஷம் கட்டிக் காணிக்கை வாங்கிக்கொண்டிருந்த நாட்கள். நெட்டையான ஒருவன் கறுப்பு லேடீஸ் சைக்கிளை விற்கக் கொண்டுவந்தான். விற்கிறவன் யாராக இருந்தாலும் என் முன்னால் ஒரு சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும். என் கடை வழக்கம் அது. சொந்த வண்டி என்றால் உடம்புக்குத் தெரியும். இவன் ஏறினான். சீட்டு தாழ இறங்கிக் கிடக்க, முழங்கால் ரெண்டும் ஹேண்டில்பாரில் இடித்தது.

"பெண்டாட்டி வண்டி" என்றான். "அப்போ அவகிட்ட ஒரு வார்த்தை பேசிருவோம், போன் போடு" என்றேன். போனில் சார்ஜ் இல்லையாம். அந்த நேரம் பார்த்து எதிர்க்கடை டீ மாஸ்டர் காக்கிச் சட்டை, தொப்பி, லத்தி, மையால் வரைந்த மீசை சகிதம் காணிக்கைக்கு வந்து நின்றார். இவன் திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான், சைக்கிளைப் போட்டுவிட்டு வாய்க்காலைத் தாண்டி வயக்காட்டில் இறங்கி ஓடியே போனான். மாஸ்டர் கையில் தட்டோடு அவன் போன திக்கையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "நாலு நாளா இந்த வேஷத்துல சுத்துதேன் அண்ணாச்சி. இன்னைக்குத்தான் ஒருத்தன் மதிச்சிருக்கான்."

போல்ட்டு

வண்டி யாருடையது? புதுப் பெயிண்ட், புது பெல், புது சீட்டு உறை. எல்லாம் தெரிந்த நான் அரைமணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தும் ஒரு அடையாளம் சிக்கவில்லை. அலுத்துப்போய் அதன் மேலேயே உட்கார்ந்தேன். சீட்டு இன்னும் கொஞ்சம் இறங்கியது. சட்டென்று எழுந்து, போல்ட்டைத் தளர்த்தி, சீட்டுக் குழாயை மேலே உருவினேன். குழாயில் பீடி கட்டுகிற நூல். சீட்டு இறங்காமல் இருக்க நெருக்க நெருக்கச் சுற்றி, எண்ணெய் குடித்துக் கறுத்துப் போயிருந்தது. பிளேடை எடுத்துப் பெயிண்டைச் சுரண்டினேன், கறுப்புக்கு அடியில் சிவப்பு.

முத்துலெட்சுமிக்கு ஆள் அனுப்பிவிட்டு ஸ்டேஷனில் சொன்னோம். அவர்கள் முன்னாலும் அவள் நூலைத்தான் அடையாளம் சொன்னாள். எழுதிக் கொடுத்துவிட்டு வண்டியை வாங்கிக்கொண்டு என் கடைக்கு வந்தாள். வீட்டுக்குக்கூடப் போகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றவளிடம், என் கெத்தை விடாமல், "இப்பவாவது புது போல்ட்டு போட்டுத் தாரேன், என் செலவு" என்றேன். அவள் சீட்டின் மேல் கையை வைத்துக்கொண்டாள்: "போல்ட்டு எல்லா வண்டியிலயும் ஒண்ணுபோலத்தான் இருக்கும் அண்ணாச்சி. நூலு நான் சுத்துனது. அது கிடக்கட்டும்."

ஆகவே என் இருபது வருச அனுபவத்தில் சொல்லுகிறேன்: பழைய சைக்கிள் வாங்கப் போனால் தட்டிப் பாரும், மோந்து பாரும், சீட்டைக் கழற்றிப் பாரும், என் பேச்சைக் கேட்டு போல்ட்டை மட்டும் மாற்றிவிடாதேயும்.