ஹாஃப் கிளட்ச் மாஸ்டரின் பொறுமை

என் அண்ணனுக்கு ஊர் வைத்த பெயர் ஹாஃப் கிளட்ச் மாஸ்டர். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். கிளட்ச்சைப் பாதி விட்டு வண்டி லேசாக உறுமும்போது, "இப்பதான் அது உங்க பேச்சைக் கேக்குது, மெதுவா... மெதுவா..." என்று அவர் சொல்வதைக் கேட்டால், தொட்டில் ஆட்டுகிறாரோ என்று தோன்றும். நடுரோட்டில் வண்டி அணைந்து அழுகையே வந்துவிட்ட டாக்டரம்மாவிடம், "அணைஞ்சா என்னம்மா? திரும்பப் போட்டுக்கத்தானே சாவி குடுத்திருக்கான்" என்பார். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிடும். இப்படி வாய்மொழியாகவே பேர் பரவி, ஒற்றைக் காரோடு ஆரம்பித்தவருக்கு இன்று ஐந்து கார். ஆபீஸில் உட்கார்ந்து போனை எடுக்கிறவள் நான்தான்; எனக்குத் தெரியாதா?

இதே மனிதர் கல்யாணமான புதிதில் அண்ணிக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன் என்று மைதானத்துக்குக் கூட்டிப் போனார். ஒரு சுற்றுகூட முடியவில்லை. "மரமண்டை! இறங்கு கீழ!" என்று கத்தி இறக்கிவிட்டார். அண்ணி வெயிலில் நடந்தே வீடு வந்து சேர்ந்தார். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அண்ணனும் மறந்துபோனார். கத்தினவருக்கு மறப்பதில் என்ன கஷ்டம்?

வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால் அண்ணன் வாய்க்குப் பூட்டுதான்; திறந்தால் அது அண்ணி மேல் எரிந்து விழத்தான். மத்தியானச் சாப்பாட்டைக்கூட மரநிழலில் நிறுத்திய காருக்குள் தனியாகத்தான் சாப்பிடுவார். கேட்டால், "எலி வளையானாலும் தனி வளை வேணும். நாள் பூரா அடுத்தவங்களுக்குப் பொறுமையா இருக்கிறவனுக்குத் தனிமைதான் சம்பளம்" என்று தத்துவம் பேசுவார்.

"அப்ப அண்ணிக்கு என்ன சம்பளம்?" என்பேன்.

"உனக்கு வாய் ஜாஸ்தி."

ஜாஸ்திதான். அவரோடு கூடப் பிறந்தவளாச்சே.

பையன் வெளியூருக்குப் படிக்கப் போன பிறகு அண்ணிக்கு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டே, "எனக்கு வண்டி ஓட்டணும்போல இருக்கு. எங்கயாவது நானே போய்ட்டு நானே திரும்பி வரணும்" என்றார். நான் யோசிக்கவே இல்லை. எதிர்த்தெரு டிரைவிங் ஸ்கூலில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன். நம் ஸ்கூலில் ஏன் சேர்க்கவில்லை என்று கேட்காதீர்கள். மைதானத்துக் கதை ஒரு தடவை போதும். அண்ணனிடம் மட்டும் மூச்சு விடவில்லை.

போன வாரம் டிரைவிங் ஸ்கூல் சங்கத்தில் அண்ணனுக்குச் 'சிறந்த பயிற்சியாளர்' விருது. "எனக்கு வேலை இருக்கு, நீங்க போய்ட்டு வாங்க" என்றார் அண்ணி. அண்ணன் இரண்டாம் தடவை கூப்பிடவும் இல்லை. என்னை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். மேடையில் பேசப்போவதை வழிநெடுக என்னிடம் ஒப்பித்துக்கொண்டே வந்தார். "என் வெற்றிக்கு ஒரே காரணம் பொறுமை..." என்று அவர் ஆரம்பிக்கவும், மேட்டுச் சாலை சிக்னலில் முன்னால் நின்ற கார் அணையவும் சரியாக இருந்தது. பின்கண்ணாடியில் பெரிதாக எல் போர்டு. எதிர்த்தெரு ஸ்கூலின் மஞ்சள் கார். நான் சீட்டில் கீழே சரிந்து உட்கார்ந்தேன்.

பச்சை விழுந்தது. மஞ்சள் கார் ஒரு குலுங்கு குலுங்கி மறுபடி அணைந்தது. அண்ணன் ஹாரனை அமுக்கினார்.

"விடுண்ணா, பழகுறவங்கதானே."

"நேரமாச்சுடி!"

அமுக்கிய கையை எடுக்கவே இல்லை. இவர் ஹாரன் அடிக்க அடிக்க அந்த வண்டி இன்னும் திணறியது. மறுபடி சிவப்பு. அண்ணன் வண்டியை ஒடித்துப் பக்கத்துத் தடத்தில் ஏற்றி, மஞ்சள் காரை ஒட்டி நிறுத்தினார். கண்ணாடியை இறக்கிக்கொண்டே கத்தினார்: "வீட்ல அடுப்பைப் பாத்துக்கிட்டு இருக்க வேண்டியதுதானே! உன்னையெல்லாம் எவன் ரோட்ல விட்டான்?"

ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்த அண்ணி திரும்பிப் பார்த்தார். முகத்தில் அதிர்ச்சி இல்லை, கோபம்கூட இல்லை. தினமும் கேட்கிற குரலுக்குத் திரும்புகிற மாதிரி திரும்பினார், அவ்வளவுதான். பக்கத்திலிருந்த பயிற்சியாளர் அண்ணனைக் கண்டதும் பதறிப்போய் வணக்கம் வைத்தார். பிறகு அண்ணியிடம் குனிந்து ஏதோ மெதுவாகச் சொன்னார். பச்சை விழுந்ததும் மஞ்சள் கார் குலுங்காமல் மேடேறிப் போனது. அணைந்து நின்றது எங்கள் வண்டிதான்.

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. மேடையேறினார், மைக்கைப் பிடித்தார். ஒப்பித்த பேச்சில் ஒரு வார்த்தை வரவில்லை. "எல்லாருக்கும் நன்றி" என்று மட்டும் சொல்லி இறங்கிவிட்டார். "எவ்வளவு அடக்கம் பாருங்க!" என்று கூட்டம் இன்னும் பலமாகக் கை தட்டியது. எனக்கே உடம்பு கூசியது.

திரும்பி வந்து காரில் உட்கார்ந்தவர் சாவியைப் போடவில்லை. விருதைக் காலடியில் வைத்திருந்தார்.

"அசிங்கமா இருக்குடி. நல்லவன்னு பேர் வாங்கினதெல்லாம் வெளியாளுங்ககிட்ட. பாத்தியா அவளை? ஆச்சரியப்படக்கூட இல்லையே! தனிமை தனிமைன்னு பீத்திக்கிட்டேன். அவளைத்தான் தனியா விட்டிருக்கேன்."

ஊருக்கு உபதேசம் என்று நாக்கு நுனிவரை வந்தது. முழுங்கிவிட்டேன். "இதை என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? வீட்ல போய்ச் சொல்லு" என்றேன்.

வீட்டில் அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் விருதைச் செருப்பு அலமாரிக்குப் பின்னால் நகர்த்திவிட்டு, வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றார். உள்ளே போகவே கூசியது அவருக்கு.

"தப்புதான். அன்னிக்கும் தப்பு, இன்னிக்கும் தப்பு" என்றார். "நாளையிலேருந்து நானே உன்கூட வர்றேன். சத்தியமா சத்தம் போடமாட்டேன்."

"வேணாங்க. அந்த சார் நல்லாத்தான் சொல்லித் தர்றார்." அண்ணி அடுத்த சட்டையை எடுத்து உதறினார். "அவர் உங்ககிட்ட வண்டி பழகினவர்தானே? தினமும் உங்க பேச்சுதான். ஆரம்பத்துல அவருக்குக் கை நடுங்குமாம். நீங்க வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, நடுக்கம் நிக்கிற வரைக்கும் கதை சொல்லிக்கிட்டே இருப்பீங்களாம். ஒருநாள்கூடக் குரலை உசத்தினதில்லையாம்."

மடித்த சட்டையை அண்ணன் கையில் கொடுத்தார்.

"கேக்க நல்லாத்தான் இருக்கு. அந்த மனுஷனை நான் பாத்ததில்லை, அவ்வளவுதாங்க."