ஒரு நிமிஷக்காரர்

தெரு அவருக்கு வைத்த பெயர் 'ஒரு நிமிஷம்'. காலணி பழுது பார்க்கும் அவர் கடைக்குள் காலை வைத்தால் முதலில் காதில் விழுவது அந்தச் சொல்தான். போன் அடித்தாலும் அதுதான், மனைவி சாப்பிடக் கூப்பிட்டாலும் அதுதான். "அவரு ஒரு நிமிஷத்த நம்பி ஒக்காந்தா பிஞ்ச செருப்பு தானா ஒட்டிக்கும்" என்பார் எதிர்க்கடை முடிதிருத்துபவர்.

கடை ஓர் ஆள் அகலம். ஒரு பக்கம் தையல் எந்திரம், மறுபக்கம் தேய்க்கும் சக்கரம், நடுவில் ஒரு ஸ்டூல். வாங்கி வைப்பது, தைப்பது, ஒட்டுவது, வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் அவர் ஒருவரே. ஒரு கால் குட்டையானவர்களுக்கு அந்தக் கால் ஷூவின் அடிப்பாகமான சோலை உயர்த்திக் கொடுப்பதில் கைராசிக்காரர். அதற்கென்றே தொலைவிலிருந்தும் வருவார்கள். வேலை கூடிக்கொண்டே போனது, கை கூடவில்லை.

பேருந்து நிறுவனத்தின் விசாரணை மேஜையில் இருந்த அவர் தங்கை, வேலை போன கையோடு கடை வாசலில் வந்து நின்றாள்.

"போனையும் வர்றவங்களையும் நான் பாத்துக்கறேண்ணே. நீ தலை நிமிராம வேலையப் பாரு."

"உன் வாய்க்கு இந்தக் கடை பத்தாதும்மா."

"என் வாய விடு. உனக்கு இருக்கறது ரெண்டு கை. மூணாவது எங்கேர்ந்து வரும்?"

"ஒரு நிமிஷம்" என்று அவர் போனை எடுத்தார். பேசி முடிப்பதற்குள் அவள் போய்விட்டாள். போனது நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டார். இன்னொருவர் உட்கார்ந்தால் கடை தன்னுடையதாக இருக்காது என்று அவருக்கு ஒரு பயம்.

அடுத்த மாதம் நூலகத்து அக்கா வந்தார். பல வருட வாடிக்கை. வலது கை கட்டுப் போட்டுக் கழுத்திலிருந்து தொங்கியது. இடது கையில் இருந்த பையில், போன வாரம்தான் இவர் சோல் உயர்த்திக் கொடுத்த ஷூ.

"கோச்சுக்காதீங்க தம்பி. உங்க வேலையக் கெடுத்துட்டேன். பராக்குப் பாத்துட்டு நூலகப் படியில விழுந்துட்டேன். விழுந்த வேகத்துல சோல் பிஞ்சிடுச்சு."

அவர் ஷூவைப் புரட்டினார். நன்றாக ஒட்டியது பிய்ந்தால் தோலின் நாரையும் பிய்த்துக்கொண்டு வரும். இதில் ஒரு நார்கூட இல்லை. இரு பக்கமும் பசை கண்ணாடிபோல் காய்ந்து கிடந்தது.

அந்தப் பசையை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் சேர்த்து அழுத்த வேண்டும். பதம் தாண்டிவிட்டால் பிடிக்காது, சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவ வேண்டும். இந்த ஷூவை ஒட்டிய அன்று பதம் வந்த நேரத்தில் போன். அது முடிவதற்குள் வாசலில் ஒருவர், அவர் பின்னாலேயே இன்னொருவர். திரும்பி வந்து தொட்டுப் பார்த்தபோது பசை செத்திருந்தது. சுரண்டப் பொறுமையில்லை. சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினார். பார்வைக்கு ஒட்டிக்கொண்டது.

அக்கா விழுந்ததால் சோல் பிரியவில்லை. சோல் பிரிந்ததால்தான் அக்கா விழுந்தார்.

"எம்பொண்ணு திட்டித் தீக்கறா" என்றார் அக்கா. "தனியா வெளிய போகவே கூடாதாம். என் கவனக்குறைவு, யாரச் சொல்ல?"

சொல்லிவிட வாயெடுத்தார். போன் அடித்தது. "ஒரு நிமிஷம்" என்றார். பேசி வைத்தபோது, ஷூவை ஸ்டூலில் வைத்துவிட்டு அக்கா போயிருந்தார். அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததுதான் பிறகு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

கடையைச் சாத்திவிட்டு ஷூவோடு தங்கை வீட்டுக்குப் போனார்.

"வழி தவறி வந்துட்டீங்களா, மொதலாளி?"

"நாளைக்குக் கடைக்கு வர்றியா?"

"என் வாய்க்குத்தான் கடை பத்தாதே."

அவர் ஷூவைக் காட்டி நடந்ததைச் சொன்னார். அவள் முகத்திலிருந்து கிண்டல் வடிந்தது.

"அக்காகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. நீ பக்குவமாப் பேசுவ. நீயே..."

"வர்றேன். போன் எடுக்கறேன், வர்றவங்கள சமாளிக்கறேன். இத மட்டும் நான் சொல்ல மாட்டேண்ணே. இது உன்னோடது."

மறுநாள் அவர் பழைய பசையைச் சுரண்டி, புதிதாகத் தடவி, பதம் வரும்வரை ஸ்டூலை விட்டு எழவில்லை. போன் அடித்துக்கொண்டேதான் இருந்தது. தங்கை எடுத்துக்கொண்டேதான் இருந்தாள்.

ஷூவை வாங்க அக்கா வந்ததும் கடகடவென்று சொல்லிவிட்டார்.

"நீங்க பராக்குப் பாக்கலக்கா. ஒட்டாதுன்னு தெரிஞ்சுதான் குடுத்தேன்."

அக்கா ஷூவை வாங்கினார். இடது கைக் கட்டைவிரலால் சோலின் ஓரத்தை நெம்பிப் பார்த்தார். தன் கைவேலையை அக்கா சோதித்து இதற்குமுன் அவர் பார்த்ததில்லை.

"என் மேலயே எனக்கு நம்பிக்கை போயிடுச்சு தம்பி. இனி தனியா நடக்க லாயக்கில்லைன்னு நெனச்சுட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "எம்பொண்ணுகிட்ட இத நீங்களே சொல்லுங்க" என்றார்.

தங்கை அக்காவிடம் மகளின் எண்ணைக் கேட்டு அழுத்தி, போனை அண்ணன் பக்கம் நீட்டினாள். அன்று கடையில் அவர் பேசிய போன் அது ஒன்றுதான்.