தார் பூசாத தகரம்

காய்ச்சிய தாரின் வாடை மூக்கில் ஏறினால் இந்த வயதிலும் எனக்குத் தலை வலிக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், வத்தேகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், கூலியாட்களின் வரிசை வீடான லயத்தில், நடுக் "காம்பரா"வில் நாங்கள் இருந்தோம். ஒற்றை அறை, தலைக்கு மேல் வெறும் தகரம். பங்குனி வெயில் ஏற ஏறத் தகரம் விரிந்து "டக், டக்" என்று முறுகும், பொழுது சாய்ந்ததும் சுருங்கி மறுபடி சத்தமிடும், அந்த இழுபறியில் ஆணித் துளைகள் வருடா வருடம் அகன்றுகொண்டே போகும்.

துளைகளை அடைக்கத் தார் பூசுவார்கள். காய்ந்த தகரத்தில்தான் தார் ஒட்டும் என்பதால் அதற்கும் பங்குனிதான் காலம். ஆனால் கறுத்த கூரை வெயிலை இன்னும் அதிகமாக உள்ளே இறக்கும். மழையில் நனையாதிருக்க வேண்டுமென்றால் கோடையில் அவிய வேண்டும். எங்களுக்கு வாய்த்தது அவ்வளவுதான்.

அந்த வருடம் தம்பிக்கு மூன்று மாதம். முதுகெல்லாம் வேர்க்குரு, பாலும் சரியாகக் குடிப்பதில்லை. எனக்குப் பின் பிறந்த இரண்டைப் பறிகொடுத்திருந்த அம்மா, பெயர் வைப்பதைக்கூட வெயில் கழியட்டும் என்று தள்ளிப்போட்டிருந்தாள். தார்ச் சட்டியோடு ஆட்களைக் கூட்டிவந்த கங்காணியிடம் போய் நின்றாள்.

"எங்க காம்பராவ மட்டும் விட்டுருங்க, கங்காணி ஐயா. புள்ள வெந்து போயிரும்."

"மழ வந்தா என்னா செய்வ, புள்ள?"

"அது வாறப்ப பாத்துக்கலாங்க. மொதல்ல இந்த வெயில்ல பொழைக்கட்டும்."

கங்காணி விட்டுவிட்டார். அப்பா சுண்ணாம்பைக் கரைத்து மேலே ஏறிப் பூசினார். கறுத்த லயத்தின் நடுவே எங்கள் தகரம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. "மகாராசா பொறந்திருக்காருல்ல" என்று பக்கத்துக் காம்பரா அத்தை கேலி பேசினாள். மத்தியானமானால் அவளே வந்து எங்கள் தரையில் படுத்துக்கொள்வாள். கமுகம்பாளை விசிறியால் வீசுவது எட்டு வயதுக்காரியான என் வேலை. தம்பி தூங்கினான், வேர்க்குரு அடங்கியது, கன்னத்தில் சதைகூட வைத்தது. அம்மா சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு மாதம்தான்.

பிறகு மழை பிடித்தது, விடவில்லை. சுண்ணாம்பு முதல் நாளே கரைந்து ஓட, வெயில் அகட்டி வைத்திருந்த ஒவ்வொரு துளையும் ஒழுகியது. சட்டி, பானை எல்லாவற்றையும் கீழே வைத்துவிட்டு, காயாத துணியில் சுற்றிய தம்பியை மூலைக்கு மூலை மாற்றினோம். எட்டுப் பேர் நெருக்கியடித்துக் கிடந்த தன் காம்பராவில் அத்தை ஒரு மூலையை ஒழித்துக் கொடுப்பதற்குள் அவன் நெஞ்சில் சளி கட்டிவிட்டது. ஐந்தாம் நாள் போய்விட்டான்.

யாரும் அம்மாவைக் குற்றம் சொல்லவில்லை. தார் பூசியிருந்தால் அவன் பங்குனியிலேயே போயிருப்பான் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதில் எனக்கு ஆறுதல் எதுவும் இல்லை, கோபம்தான் வருகிறது.

அடுத்த பங்குனியில் கங்காணி எங்கள் வாசலில் தயங்கி நின்றார். அம்மா கொழுந்துக் கூடையை இறக்காமலே சொன்னாள்: "நல்லா ரெண்டு தடவ பூசுங்கய்யா. இனி யாருக்கு வேகப்போகுது."

இப்போது டவுனில், மஹய்யாவவில், சீமெந்துக் கூரைக்குக் கீழே இருக்கிறேன். வெயிலுக்குச் சத்தமில்லை, மழைக்கு ஒழுக்கில்லை. அந்த லயத்தை இடித்துவிட்டார்கள். அம்மாவும் இல்லை, அவனைப் பார்த்தவர்களில் நான் ஒருத்திதான் மிச்சம். நினைத்துக் கூப்பிட அவனுக்கு ஒரு பெயர்கூட இல்லை.